காசில் உட்கார்ந்திருக்கும் அம்மா

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
14-6-2024

சிவமயம்

அன்பு மகள் சங்கீதாவுக்கு உன் சித்தப்பன் பஞ்சாட்சரம் தறிமேடையில உக்காந்து எழுதறது. நானும் உன் சித்தி கலாவதியும் ஏகாம்பரநாதர் புண்ணியத்துல குண்டுக்கல்லு மாதிரி இருக்கிறோம். கோயம்புத்தூர்ல நீயும் அண்ணியும் அப்படியேதான் இருப்பீங்கன்னு வெச்சுக்கினு மேல எழுதறேன். அண்ணிக்கு முட்டி வலி தேவலையா?

இந்தக் காலத்துல கடுதாசி போடறாரேன்னு சிரிக்காத. போனை காதுல வெச்சா எனக்கு கொய்ங்குன்னு ஒரு சத்தம்தான் வருது, வேற எதுவும் ஏறல. சித்தி போன் சாயத்தொட்டியில விழுந்துடுச்சு. அரக்குக் கலர்ல ஊறி பாக்க அழகா இருக்குது, பேசத்தான் மாட்டேங்குது. அவளுக்கும் தொண்டை கட்டிக்கினு இருக்குது, போன் இருந்தும் பிரயோஜனமில்ல.

விஷயம் என்னன்னா, நம்ம வீட்டுக்கு அம்பாள் வந்துட்டா. தறிக்குழியை இன்னொரு முழம் ஆழமாக்கலாம்னு நானே கடப்பாரையோட இறங்கினேன். அறுபத்திரெண்டு வயசுல எவன் இறங்குவான் சொல்லு. மூணாவது குத்துல டங்குன்னு ஒரு சத்தம். எடுத்துப் பாத்தா வெள்ளிக் காசு. பழைய நாலணா அளவு, ஆனா நல்ல கனம். கூட ஒரு பானையும் இருந்தது, கை பட்டதும் பொடியாப் போயிடுச்சு.

விபூதி போட்டு அரை மணி நேரம் துலக்கினேன். ஒரு பக்கம் தலையில இலை மாலை கட்டின ராஜா. மறுபக்கம் காமாட்சி. சந்தேகமே வேணாம். ஒரு கையில கரும்பு, ஒரு கையில பூ. நாற்காலியில காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கா. மாமரத்தடியில ஒத்தக் கால்ல தபசு பண்ணவ இல்லையா, கால் வலிச்சிருக்கும். சுத்தி ஏதோ எழுதியிருக்குது, பழைய தெலுங்கு. நானே முக்கால்வாசி படிச்சுட்டேன். சாயப்பட்டறை ராமராஜன் அது இங்கிலீசுன்னு சாதிக்கிறான். அவன் ஆறாங்கிளாசு. நான் எட்டு, அதுவும் அந்தக் காலத்து எட்டு.

நீதான் காலேஜுல பழங்காசு ஆராய்ச்சி பண்றியே. ரெண்டு பக்கமும் காகிதம் வெச்சு பென்சிலால தேச்சு இதோட அனுப்பியிருக்கேன். இது அம்பாள்தான்னு சீல் போட்டு ஒரு காகிதம் வாங்கி அனுப்பு, கண்ணாடி போட்டு மாட்டிடலாம். சித்தி பாத்தா தெம்பாயிடுவா. காசு அவ கையிலதான் இருக்குது.

இன்னொண்ணு. திருப்பூர் உனக்குப் பக்கம்தானே. உன் தம்பி, அதான் என் பிள்ளை விக்னேஷைப் பாத்தா அப்பா கேட்டார்னு சொல்லாத. அம்மா கேட்டாங்கன்னு சொல்லு. அவன் இந்த வாசப்படி மிதிச்சு ரெண்டு வருஷமாகப் போகுது.

காலாகாலத்துல சாப்பிடு. புத்தகத்தைக் கண்ணுக்கிட்ட வெச்சுப் படிக்காத.

உன் சித்தப்பன்,
ப. பஞ்சாட்சரம்,
பட்டு நெசவு மேதை (ஊர்ல அப்படித்தான் சொல்றாங்க)

*

கோயம்புத்தூர்
24-6-2024

அன்புள்ள சித்தப்பாவுக்கும் சித்திக்கும் சங்கீதாவின் வணக்கம். நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முட்டிக்கு ஆபரேஷன் செய்தால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள், தேதி பார்க்கிறோம். சித்திக்குத் தொண்டை சரியாகிவிட்டதா?

நீங்கள் தேய்த்து அனுப்பியது ரொம்பத் தெளிவாக இருக்கிறது. அது ரோமாபுரிக் காசு, சித்தப்பா. கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷப் பழசு. மிளகும் துணியும் வாங்கிப் போக கப்பலில் வந்தவர்கள் கொண்டுவந்தது. கரூர்ப் பக்கம், இங்கே கோவைப் பக்கமெல்லாம் நிறையக் கிடைத்திருக்கிறது. ராஜாவின் பெயர் திபேரியஸ். எழுத்து லத்தீன். ராமராஜன் அண்ணன் சொன்னது பாதி சரி என்று வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

உட்கார்ந்திருப்பது காமாட்சி இல்லை. அவர்களுடைய சமாதான தேவதை. கையில் இருப்பது கரும்பு இல்லை, செங்கோல். பூவும் இல்லை, ஒலிவ மரக் கிளை. அந்த ராஜாவின் அம்மா லிவியாவைத்தான் தேவதை மாதிரி உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். உறுதியாகத் தெரியாது.

கையெடுத்துக் கும்பிடுகிறேன், இனிமேல் விபூதி போட்டுத் துலக்காதீர்கள். முகம் போய்விடும். மண்ணில் கிடைத்ததை தாசில்தார் ஆபீசில் சொல்ல வேண்டும், அதுதான் சட்டம்.

போன ஞாயிறு திருப்பூர் போனேன். விக்னேஷ் நன்றாக இருக்கிறான். பனியன் கம்பெனியில் அதே செக்கிங் சூப்பர்வைசர் வேலை. "அம்மா கேட்டாங்கடா" என்றேன். "எந்த அம்மா? அப்பா வாயில இருக்கிற அம்மாவா?" என்றான். அம்மா சீரியஸ் என்று நீங்கள் ஆள் விட்டுச் சொல்லி, அவன் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே ஓடி வந்தது, வந்து பார்த்தால் சித்தி பஜ்ஜி சுட்டுக்கொண்டிருந்தது, கூடத்தில் ஐயம்பேட்டைப் பெண் வீட்டார் உட்கார்ந்திருந்தது, எதையும் மறக்கவில்லை. இருநூறு பேருக்கு மேனேஜர் என்று நீங்கள் சொன்னதை நம்பி அந்தப் பெண்ணின் அப்பா கம்பெனி கேட்டில் வந்து விசாரித்ததைச் சொல்லும்போது அவனுக்கு இப்பவும் முகம் கறுத்துப் போகிறது. "அம்மா சீரியஸ்னு அந்த ஆள் இன்னொரு வாட்டி சொன்னா, நான் வரமாட்டேன்க்கா" என்றான்.

உள்ளதை எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். சித்தியை வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்புளிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சங்கீதா

*

பிள்ளையார்பாளையம்
5-7-2024

சிவமயம்

மகள் சங்கீதாவுக்கு சித்தப்பன் ஆசீர்வாதம். இங்க சுகத்துக்குக் குறைவில்ல. அண்ணிக்கு எந்தக் காலுன்னு எழுதல, ரெண்டுமா?

உன் கடுதாசி வந்த அன்னிக்கே தெருவுல பாதி பேர் நம்ம வீட்டுலதான். ரோமாபுரியிலேர்ந்து கப்பல் நேரா பிள்ளையார்பாளையத்துக்கு வந்து நம்ம முப்பாட்டன்கிட்டதான் பட்டு வாங்கியிருக்குதுன்னு விளக்கினேன். ராமராஜன், "இங்க ஏதுய்யா கடல்?"னு கேட்டான். அப்ப இருந்ததுடா, அப்புறம் உள்வாங்கிடுச்சுன்னேன். வாயடைச்சுப் போயிட்டான்.

சமாதான தேவதைன்னா என்ன, எல்லாம் அவதான். அதை விடு. பெத்த அம்மாவ காசுல போட்டான் பாரு, அவன் மனுஷன். ஊரு பூரா, நாடு பூரா, யாரு சந்தைக்குப் போனாலும் அவன் அம்மா முகத்தைத் தொடாம ஒரு சாமான் வாங்க முடியாது. எந்தப் பிள்ளைக்கு வரும் இந்த யோசனை? சித்திக்கு இதை மூணு தரம் படிச்சுக் காட்டினேன். கண்ணை மூடிக்கினு கேட்டா. காசை உள்ளங்கையிலேயே வெச்சுக்கினு தூங்கறா. நான் துலக்கறதை விட்டுட்டேன், இப்ப அவ கட்டைவிரல்தான் துலக்குது.

சித்தி முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை. கல்யாணத்துக்குத் தெச்ச ரவிக்கை இப்ப கச்சிதமா இருக்குது. பொம்பளைங்க காசு குடுத்து ஜிம்முக்குப் போறாங்க, இவ கஞ்சித் தண்ணியிலேயே சாதிச்சுட்டா. பத்தொன்பது வயசுல பொண்ணு பாக்கப் போனப்ப இருந்தாளே, அதே இடுப்பு.

பஜ்ஜி விவகாரத்தை அவன் இன்னமும் பிடிச்சுக்கினு இருக்கிறது எனக்கு வருத்தம். நல்லதுக்கு ரெண்டு வார்த்தை சேத்து சொல்றது குத்தமா? நான் சேத்து சொல்லாம இந்தத் தெருவுல எந்தக் கல்யாணம் நடந்திருக்குது? சரி. அந்த ராஜா அம்மாவ காசுல போட்ட கதையை அவனுக்குச் சொல்லு. நான் சொன்னதா சொல்லாத, புத்தகத்துல இருக்குதுன்னு சொல்லு.

தாசில்தார்கிட்ட குடுத்துட்டேன். எழுந்து நின்னு ரெண்டு கையாலயும் வாங்கினார்.

உடம்பைப் பாத்துக்க. அண்ணியைப் படி ஏற விடாத.

இப்படிக்கு,
ப. பஞ்சாட்சரம்

*

கோயம்புத்தூர்
30-7-2024

அன்புள்ள சித்தப்பா,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. அங்கே ஆடிக் கூட்டம் ஆரம்பித்திருக்கும், சித்தியை நெரிசலில் கூட்டிப்போக வேண்டாம்.

தாசில்தாரிடம் கொடுத்துவிட்ட காசு சித்தியின் கையில் எப்படி இருக்கிறது?

அந்த ராஜா கதையை விக்னேஷிடம் நான் சொல்லவில்லை. அந்த ராஜா அப்படி ஒன்றும் உதாரணமாகச் சொல்லக்கூடிய பிள்ளை இல்லை, சித்தப்பா. விட்டுவிடுங்கள்.

சித்திக்கு ரெண்டு மாசமாகவா தொண்டை கட்டியிருக்கிறது? எந்த டாக்டரிடம் காட்டினீர்கள், என்ன சொன்னார்? பக்கத்து வீட்டு நம்பர் ஏதாவது எழுதுங்கள், நான் சித்தியிடம் பேச வேண்டும். போன கடிதத்திலேயே கேட்க நினைத்து மறந்தேன். இந்தத் தடவை மறக்காமல் பதில் வேண்டும்.

அன்புடன்,
சங்கீதா

*

பிள்ளையார்பாளையம்
22-8-2024

சிவமயம்

மகள் சங்கீதாவுக்கு எல்லா நலமும் உண்டாகட்டும். இங்க எல்லாரும் சௌக்கியம்னு எழுதி மூணு வாரமா கடுதாசி பெட்டியிலயே கிடந்தது, தபால்ல போட மறந்துட்டேன். அதைக் கிழிச்சுட்டு இதை எழுதறேன்.

நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம். தாசில்தார்கிட்ட இன்னும் குடுக்கல. போனேன், வாசல் வரைக்கும் போனேன். சித்தி கையை விரிச்சு எடுக்க மனசு வரல. ஒரு மாசம் பொறுக்க மாட்டாரா, ரெண்டாயிரம் வருஷம் பொறுத்தது.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அது தறிக்குழியில கிடைக்கல. பின்கட்டுல கக்கூசு கட்டறதுக்குத் தோண்டின குழியில. வெளிநாட்டுக்காரன் மாதிரி உக்கார்ற கக்கூசு, சுவத்துல கைப்பிடி வெச்சு, படுக்கையிலேர்ந்து நாலு எட்டுதான். நம்ம தெருவுல முதல் முதலா நம்ம வீட்டுலதான். எதிர்வீட்டு பொன்னியம்மா வந்து பாத்துட்டு அரண்மனை மாதிரி இருக்குதுன்னா. பானையும் இல்ல. கடப்பாரை பிடிச்சதும் நான் இல்ல, கூலிக்காரர். பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தது நான்.

சித்தி இப்ப பேசறதை விட்டுட்டா. டாக்டர் சொல்லித்தான். சிலேட்டு வாங்கிக் குடுத்திருக்கேன், எது வேணும்னாலும் எழுதிக் காட்டறா. முப்பத்தி நாலு வருஷமா அவ பேச்சைக் கேட்ட காதுக்கு ரெஸ்ட்டு. நேத்து என்ன எழுதினா தெரியுமா, "பாவு கோணலா இருக்குது"ன்னு. படுத்துக்கினே பன்னெண்டு அடி தூரத்துல இருக்கிற தறியில இழை கோணலைக் கண்டுபிடிக்கிறா. அவ பிழைக்க மாட்டான்னு எந்தப் பயல் சொல்றான்?

யாரும் சொல்லல. ஒரு பேச்சுக்கு எழுதினேன்.

டாக்டர் பேரு ஏதோ நீளமா இருக்குது, எனக்கு வாயில நுழையல. கெட்டிக்காரர். அடுத்த வீட்டு நம்பர் எழுதி வெச்ச காகிதம் எங்கயோ போயிடுச்சு. விக்னேஷ் தீபாவளிக்கு வந்தா நல்லா இருக்கும். முன்னாலயே வந்தா இன்னும் நல்லா இருக்கும்.

அண்ணிக்கு ஆபரேஷன் என்னிக்குன்னு எழுது. காமாட்சி கோயில்ல அவங்க பேருக்கு அர்ச்சனை பண்ணறேன்.

ப. பஞ்சாட்சரம்

*

(பென்சிலில்)

9-9-2024

சங்கீதா கண்ணு,

நல்லா இருக்கியா. உங்க அம்மா நல்லா இருக்காங்களா. சித்தி எழுதறேன். கை நிக்க மாட்டேங்குது, எழுத்து கோணிக்கினு போகும், பொறுத்துக்க.

எனக்குத் தொண்டையில கட்டி. புத்து. கழுத்துல ஓட்டை போட்டு குழாய் வெச்சிருக்காங்க. குரல் போயி மூணு மாசம் ஆகுது. உங்க சித்தப்பா உனக்கு எழுதறதை எனக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் ஒட்டுவாரு. கேட்டா எனக்கே நான் நல்லா இருக்கேன்னு தோணும். அதனால நான் ஒண்ணும் சொல்லல.

பொன்னியம்மா பொண்ணு ஏஞ்சல் நர்சுக்குப் படிக்குது. குழாயை அதுதான் சுத்தம் பண்ணுது. காசுல இருக்கிற அம்மாவைப் பத்தி போன்ல பாத்து சொல்லுச்சு. அந்த அம்மா செத்தப்ப மகன் வரலையாமே. நெசமா? உங்க சித்தப்பாவைக் கேட்டா, யானை மேல வந்து எறங்கி அழுதான்னு சொல்றாரு. நீ நெசத்தை எழுது. ஏஞ்சல் வீட்டு விலாசம் கீழ இருக்குது.

விக்னேஷ் மேல எனக்குக் கோவம் இல்ல. அன்னிக்கு பஜ்ஜி சுட்டவ நான்தானே. சீரியஸ்னு சொல்லி வரவழைக்கிறாருன்னு எனக்கும் தெரியும். எண்ணெய் காஞ்சுக்கினு இருந்தது, பேசாம இருந்துட்டேன். அவனை ஒரு தடவை பாக்கணும். வேற ஒண்ணும் இல்ல.

நீ சாப்பிடு நல்லா.

கலாவதி சித்தி

*

கோயம்புத்தூர்
16-9-2024

என் சித்திக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. மூன்று மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், வந்து பார்த்திருக்க வேண்டியவள்.

நீங்கள் கேட்டது நிஜம்தான். அந்த ராஜா ஒரு தீவில் இருந்தான். அம்மாவுக்கு உடம்பு முடியாதபோதும் வரவில்லை. வருவான், வருவான் என்று பல நாள் உடலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் கொள்ளுப்பேரன் முறையுள்ள ஒரு பையன் நின்று செய்தான். இதை சித்தப்பாவுக்கு நான் எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான்.

நம்ம விக்னேஷ் அந்த மாதிரி இல்லை, சித்தி. அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு ஆபரேஷன். முடிந்து வீட்டுக்கு வந்ததும் திருப்பூர் போய் அவனிடம் உங்கள் கடிதத்தைக் காட்டுகிறேன். அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அதுவரைக்கும் கொஞ்சம் கஞ்சியாவது குடியுங்கள்.

சங்கீதா

*

கோயம்புத்தூர்
30-9-2024

அன்புள்ள சித்தப்பா,

அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறார்கள். சித்தி எப்படி இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுத வேண்டாம், எனக்குத் தெரியும். சித்தி எனக்கு எழுதினார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நேற்று விக்னேஷிடம் போனேன். சித்தி எழுதியதைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தான். "இது அம்மா கையெழுத்தே இல்ல. அம்மா எழுத்து குண்டு குண்டா நேரா நிக்கும். இது அந்த ஆளு இடது கையால எழுதினது" என்றான். நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்களும் பையில் இருந்தன. எடுத்துப் படித்தான். "ரவிக்கை கச்சிதமா இருக்குதாம். பாவு கோணலைக் கண்டுபிடிக்கிறாங்களாம். சாகப் போறவங்களைப் பத்தி இப்படியா எழுதுவாங்க? நீயே சொல்லுக்கா" என்றான். ஏஞ்சல் ஒரு தடவை போன் செய்தாளாம். ஆஸ்பத்திரி என்றதும் வைத்துவிட்டானாம்.

ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. நீங்கள் அவனுக்கு எழுதுங்கள். சேர்க்காமல், குறைக்காமல். உங்களால் முடியும். கம்பெனி விலாசம் கீழே.

அம்மாவைத் தனியே விட்டு இப்போது என்னால் கிளம்ப முடியவில்லை. பத்தே நாள், வந்துவிடுவேன்.

சங்கீதா

*

பிள்ளையார்பாளையம்
7-10-2024

விக்னேஷுக்கு,

அப்பா எழுதறேன். நீ நல்லா இருப்ப.

அம்மாவுக்குத் தொண்டையில புத்துநோய். ஏப்ரல் மாசம் தெரிஞ்சுது. ஆபரேஷன் பண்ண முடியாதுன்னுட்டாங்க. பேச்சு இல்ல. சோறு இறங்கல. மூக்குல விட்ட குழாய் வழியா கஞ்சி. எடை முப்பத்தொரு கிலோ. தீபாவளி தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார்.

(இங்க நாலு வரி எழுதி அடிச்சிருக்கேன். அடிச்சதைப் படிக்காத. அது சேத்து எழுதினது.)

உங்க அக்காகிட்ட இருக்கிறது அம்மா எழுதினதுதான். கை நடுக்கம். நான் எழுதல.

சங்கீதாவுக்கு நான் எழுதினதுல ரவிக்கை மேட்டர் நெசம். எலும்புதான் இருக்குது, அதனால பொருந்துது. அதை நான் வேற மாதிரி எழுதினேன். அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்னு அப்படி எழுதினேன். எனக்காகவும்தான்.

போன தடவை பொய் சொல்லி உன்னை வரவழைச்சேன். கம்பெனி கேட்டுல உன்னைத் தலைகுனிய வெச்சேன். அது நான் பண்ணினது. அம்மா பண்ணல.

நீ என்கிட்ட பேச வேணாம். நான் தெருவுல நிக்கிறேன். அம்மாவைப் பாத்துட்டுப் போ.

அப்பா

*

பிள்ளையார்பாளையம்
4-11-2024

சிவமயம்

மகள் சங்கீதாவுக்கு. நீ காரியத்துக்கு வந்துட்டுப் போன பிற்பாடு எழுதற முதல் கடுதாசி. இங்க சுகம்னு எழுத இன்னும் கை வரல. நேரத்துக்குச் சாப்பிடறோம். அண்ணி வாக்கரை விட்டுட்டாங்கன்னு கேட்டு சந்தோஷம்.

கூட்டத்துல உன்கிட்ட சொல்ல முடியாதது ஒண்ணு இருக்குது. அதுக்குத்தான் எழுதறேன்.

என் கடுதாசி அவன் கைக்கு வியாழக்கிழமை சாயந்திரம் போயிருக்குது. வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. காலையில ஆறு மணிக்கு ஏஞ்சல் போனுக்கு அடிச்சு, "பஸ் ஏறிட்டேன், அம்மாகிட்ட சொல்லுங்க"ன்னு சொல்லியிருக்கான். ஏஞ்சல் ஓடி வந்து சொன்னா. கலாவதி புருவத்தைத் தூக்கினா. சந்தோஷம்னா அவளுக்கு அப்ப அவ்வளவுதான் முடியும்.

தெருவுல எல்லாத் தறிக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு சத்தமே இல்ல. ஏழரை மணிக்கு அவளுக்கு மூச்சு மாறிடுச்சு. ஏஞ்சல் என்னைப் பாத்துத் தலையை ஆட்டினா. கலாவதி வலது கையைக் கொஞ்சமா தூக்கி வாசப்பக்கம் காட்டினா. எங்க வரான்னு அர்த்தம்.

அவன் ஈரோடு கூட தாண்டியிருக்க மாட்டான். நான் சேலம்னு சொன்னேன். கால் மணி நேரத்துல மறுபடி கை. கிருஷ்ணகிரின்னேன். ஜன்னலோரம் உக்காந்திருக்கான், டீ குடிச்சான்னேன். மறுபடி கை. வேலூர். அவ மூச்சு வேகமா போயிக்கினு இருந்தது, நானும் பஸ்ஸை வேகமா ஓட்ட வேண்டியதாப் போச்சு. வாலாஜா. ஓச்சேரி. பாலுசெட்டி சத்திரத்துல பூஜை கூட்டத்துல பஸ்ஸு நிக்குது, அவன் எட்டி எட்டிப் பாக்கிறான்னேன். ஏஞ்சல் அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு.

ஒன்பதரைக்கு காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுல இறக்கிட்டேன். ஷேர் ஆட்டோவுல ஏத்திட்டேன். பத்து மணிக்கு நம்ம தெருமுனை பைப்படி. அதுக்கு மேல எனக்கு வழி தெரியல. வாசலுக்குக் கொண்டாந்துட்டா உள்ள வரணுமே. உள்ள வர ஆளு இல்லையே. செருப்பு வாரு அறுந்துடுச்சு, பைப்படியில நின்னு ஊக்கு குத்திக்கினு இருக்கான், இதோ வந்துடுவான்னு சொன்னேன். அரை மணி நேரம் அதையே சொன்னேன். ஒரு ஊக்கு சரியில்ல, இன்னொரு ஊக்கு கேட்டு வாங்கறான்னேன். அவ வாசலையே பாத்துக்கினு இருந்தா. பத்தரைக்குப் போயிட்டா.

அவன் மூணு மணிக்கு வந்தான். அதுக்கப்புறம் நடந்தது நீ பாத்ததுதான். பதினாறு நாளும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சொன்ன வேலையைச் செஞ்சான். நானும் அவனும் தாலுக்கா ஆபீசுக்குப் போயி காசைக் குடுத்துட்டு வந்தோம். கிளார்க்கு எழுந்திரிக்கல. ஒரு கையாலதான் வாங்கினான்.

காரியம் முடிஞ்சு எல்லாரும் போனதுக்கு மறுநாள் காலையில, தறிகிட்ட வந்து உக்காந்தான். "அம்மா கடைசியா என்ன கேட்டாங்க?"ன்னான்.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, "ஏஞ்சலை முன்னாடியே கேட்டுட்டேன். ஒத்துப் போவுதான்னு பாக்கறேன், சொல்லு"ன்னான்.

சொல்லணும்னா எனக்கு ஆயிரம் வரும் சங்கீதா. உனக்குத் தெரியும். உன் பேரை எழுதினாங்க, உன்னை மன்னிச்சுட்டேன்னு எழுதிக் காட்டினாங்கன்னு சொல்லலாம், சிலேட்டுல நானே எழுதிக் கூட வெச்சிருக்கலாம். ஒண்ணும் செய்யல. சேலத்துலேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு ஊரா சொன்னேன். "நீ சேலத்துல இருந்தப்ப நான் உன்னை ஓச்சேரிக்குக் கொண்டாந்துட்டேன்பா"ன்னேன். திட்டுவான்னு நெனச்சேன். தலையைக் குனிஞ்சு பாவு இழையைத் தடவிக்கினே கேட்டான்.

"எது வரைக்கும் வந்திருந்தேன்?"ன்னான்.

"பைப்படி வரைக்கும்."

"அப்புறம்?"

"செருப்பு அறுந்துடுச்சு."

"அப்புறம்?"

"அதுக்கு மேல என்னால கொண்டார முடியலப்பா."

அப்புறம் எழுந்து வெளிய போனான். ஊருக்குக் கிளம்பிட்டான்னுதான் நெனச்சேன். ஜன்னல் வழியா பாத்தா, தெருமுனைக்குப் போயி பைப்படியில நிக்கிறான். தண்ணி பிடிக்க வந்த பொன்னியம்மா ஏதோ கேட்டா. குனிஞ்சு செருப்பைப் பாத்தான். நிமிந்தான். அங்கேர்ந்து நம்ம வீட்டைப் பாத்து நடக்க ஆரம்பிச்சான். எட்டு வீடுதான். மெதுவா வந்தான்.

கதவு ஒருக்களிச்சு இருந்தது. நான் எழுந்து போயி ரெண்டு பக்கமும் நல்லா திறந்து வெச்சேன்.

உன் சித்தப்பன்,
பஞ்சாட்சரம்